கடல் இல்லாத ஊருல பீச்சு காட்டுனேன்

ஊர் சுத்திக் காட்டுற வேலையில கால்தான் வலிக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, வலிக்கிறது வாய். லாட்ஜ் வாசல்ல நின்னு, வந்து இறங்குறவங்க பெட்டியை வாங்கி வச்சுட்டு, "இன்னைக்கு என்னென்ன பாக்கலாம்னா..."ன்னு ஆரம்பிச்சவங்க எந்த ஊர்ல இருந்தாலும் இதை ஒத்துக்குவீங்க. மதுரைக்காரனுக்குக் கோயில் இருக்கு. கொடைக்கானல்காரனுக்கு ஏரி இருக்கு. போடிநாயக்கனூர்ல எனக்குக் குடுத்தது ஆத்து மணலு. அதை வச்சுக்கிட்டு மூணு வருசம் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன். நம்ம ஆளுக படிச்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

சத்தியம்

அதுக்கு முன்னாடி நான் போடிமெட்டு ரோட்டுல ஜீப்பு ஓட்டிக்கிட்டிருந்தேன். விடிஞ்சதும் தோட்டத்து ஆளுகளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போகணும், சாயங்காலம் இறக்கிக்கிட்டு வரணும். உள்ள பன்னெண்டு பேரு, பின்னாடி தொங்குறது ஏழெட்டு, மேல லோடு. ஒரு ஐப்பசி மாசம் காலையில, மழையும் மூடுபனியுமா இருக்கையில, வளைவுல பிரேக்கு பிடிக்கலை. மலைப்பக்கமா ஒடிச்சு மோதுனேன். யாருக்கும் உசுருக்கு ஒண்ணுமில்லை, எனக்கு மட்டும் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. ஆனா கீழ போன சேதி "ஜீப்பு கவுந்திருச்சு"ங்கிறது மட்டும்தான். என் பொண்டாட்டி வெள்ளையம்மா, கையில இருந்த சோத்துத் தூக்கைக்கூட வைக்காம, முந்தலுக்கு ஓடி வந்திருக்கா. முந்தல்ங்கிறது மலைரோடு ஆரம்பிக்கிற இடம். காலையிலேர்ந்து என்னை இறக்குற வரைக்கும் மழையில அங்கேயே நின்னிருக்கா. உக்காரச் சொன்னாலும் உக்காரலையாம்.

எலும்பு கூடுனதும் சூடத்தைக் கொளுத்தி முன்னாடி வச்சு, இனிமே மலைக்கு வண்டி ஓட்ட மாட்டேன்னு கையால அணைக்கச் சொன்னா. அணைச்சேன். அணைச்சுட்டு வயித்துக்கு என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கையில, ஞானராசு முதலாளி கூப்பிட்டு விட்டாரு. ஏலக்காய் வியாபாரி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம ஒரு சோலியும் பாக்க மாட்டாரு. அவரு வீட்டுக் காலண்டர்ல ஏதோ வெளிநாட்டு ஏரிக்கரை, மணல்ல குடையை நட்டு சனங்க படுத்துக் கிடக்குற படம். அதையே ஒரு வருசம் பாத்துருக்காரு. கொட்டகுடி ஆத்துல ஒரு தடுப்பணைக்கு மேல தண்ணி தெப்பக்குளம் மாதிரி நிக்கிற எடம் இருக்கு, கரையெல்லாம் வெள்ளை மணலு, பின்னாடி மலை. "அவனுக்கு இருக்கிறது நமக்கும் இருக்குல்ல?"ன்னு அங்கேயே எட்டு ரூமு கட்டி 'பீச் லாட்ஜ்'னு போர்டு மாட்டிட்டாரு. வர்றவங்களைக் கூட்டிட்டுப் போயி காட்டுற வேலை எனக்கு. சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாரு: "மூணு கோடை பாப்பேன் முருகேசு. ஓடுனா லாட்ஜு, ஓடலைன்னா ஏலக்காய் குடோன். குடோனுக்கு வழிகாட்டி வேண்டாம், நீ மறுபடி ஜீப்புக்குத்தான் போகணும்."

அஞ்சு குடை

முதல் வேலையா மதுரையில இருந்து அஞ்சு பெரிய குடை வந்து இறங்குச்சு. சிவப்பு, மஞ்சள், நீலம்னு கலர் கலரா. மணல்ல நட்டு, கீழ சாய்வு நாற்காலி போட்டோம். மறுநாள் காலையில போயி பாத்தா ஒவ்வொரு குடைக்கு அடியிலயும் நாலு ஆடு படுத்திருக்கு. ஆட்டை விரட்டிட்டு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள, துவைக்க வந்த பொம்பளைக குடை மேல சேலையைக் காயப் போட்டுட்டாங்க. எடுங்கம்மான்னு சொன்னா, "காஞ்சதும் எடுத்துக்கிறோம்ப்பா, உன் குடையை யாரு தூக்கிட்டுப் போகப் போறா"ன்னு எனக்கே சமாதானம் சொல்றாங்க.

அந்த நேரம் பாத்து முதல் விருந்தாளி ரயிலைவிட்டு இறங்கி வந்துட்டாரு. மதுரையில ஏதோ ஆபீசுல பெரிய குமாஸ்தா, பொண்டாட்டி, மூணு பிள்ளைக. பிள்ளைக கையில கிளிஞ்சல் பொறுக்க ஆளுக்கொரு டப்பா. நான் மலையைக் காட்டுனேன், தண்ணியைக் காட்டுனேன், காத்து எப்படின்னு கேட்டேன். எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே வந்தவரு, அணை வரைக்கும் நடந்து போயி எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்து மெதுவாக் கேட்டாரு: "தம்பி, கடல் எந்தப் பக்கம்?"

எருமையும் வரலாறும்

நம்ம சனங்களுக்கு மணல்ல சும்மா படுத்துக் கிடக்கத் தெரியாது. எண்ணெய் தேச்சு, சீயக்காய் போட்டு, முங்கி எந்திரிச்சு, கட்டுன துணியை அலசிப் பிழிஞ்சு, கொண்டுவந்த புளிச்சோத்தைத் தின்னுட்டா அவங்களுக்குப் பீச்சு முடிஞ்சு போச்சு. மொத்தம் ஒண்ணரை மணி நேரம். அடுத்த பஸ்சு எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க. முதலாளிக்கு அதுலதான் வயித்தெரிச்சல். அவங்க மத்தியானம் வரைக்கும் நின்னாத்தான் லாட்ஜுல சாப்பிடுவாங்க, சாப்பிட்டாத்தான் தூக்கம் வரும், தூக்கம் வந்தாத்தான் ரூம் எடுப்பாங்க. "எதையாவது சொல்லி நிறுத்துப்பா, ஊர் வரலாறு சொல்லு"ன்னு என்னைப் பிடிச்சு உலுக்குவாரு.

நான் பொய் சொல்லத் தெரியாதவன்னு சொல்லலை. ஆனா ஆரம்பத்துல நேர்மையாத்தான் சொன்னேன். "இந்த எடத்துக்குப் பெருசா வரலாறு கிடையாதுங்க. முன்னாடி எருமை குளிப்பாட்டுவாங்க, இப்பவும் குளிப்பாட்டுறாங்க"ன்னு திருமங்கலத்துல இருந்து வந்த ஒரு அம்மாகிட்ட சொன்னேன். அப்பன்னு பாத்து பக்கத்துல தண்ணியில கிடந்த ரெண்டு எருமை எந்திரிச்சு உதறுச்சு. அந்தம்மா முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டே கேட்டாங்க: "எங்க தெருவுலயே நாலு எருமை இருக்கு, அதை விட்டுட்டு ரயிலேறி இங்க வரணுமாக்கும்?"

பாறை மேல ஒரு பொம்பளை

அணைக்கு மேல தண்ணி நடுவுல ஒரு தட்டைப் பாறை இருக்கு. அதுல காலடி மாதிரி ரெண்டு பள்ளம். அடிச்சுத் துவைச்சு விழுந்த பள்ளமா, தண்ணி அறுத்த பள்ளமா, யாரு கண்டா. ரிட்டையராகி வந்த ஒரு வாத்தியாரு அதைப் பாத்துட்டு, "இது என்னப்பா பாதம்?"ன்னு கேட்டாரு. மணி பதினொண்ணு. இன்னும் ஒரு மணி நேரம் அவரை நிறுத்துனா சாப்பாடு உறுதி. அன்னைக்குக் காலையில வெள்ளையம்மாகூட சண்டை போட்டுட்டு வந்திருந்தேன், அவ ஞாபகமாவே இருந்துச்சு. வாயைத் தொறந்தேன், அது பாட்டுக்கு வருது. ஏலக்காய் மூட்டை தூக்குற ஒருத்தன் மலைக்குப் போனான். பொண்டாட்டி சோத்தோட இந்தப் பாறையில காத்திருந்தா. மலையில மழை பெஞ்சு வெள்ளம் இறங்கிருச்சு. ஊரே கரையேறச் சொல்லிக் கத்துது. "அவுக வராம நகர மாட்டேன்"னு நின்னுட்டா. வெள்ளம் பாறையைச் சுத்திப் போச்சே ஒழிய அவ காலை நனைக்கலை. பேரு என்னன்னு கேட்டாரு. வேற எந்தப் பேரும் அந்த நேரத்துக்கு வாயில வரலை. "வெள்ளையம்மா"ன்னேன். புருசன் வந்தானான்னு கேட்டாரு. வந்தான்னு சொன்னேன். வரலைன்னு சொல்ல எனக்கு மனசு இல்லை, வந்தவன் நான்தானே.

வாத்தியாரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. சாப்பிட்டாரு, ரூம் எடுத்தாரு, ரெண்டு நாள் தங்குனாரு. முதலாளி என் முதுகுல தட்டிக் குடுத்தாரு. சந்தோசத்துல வீட்டுக்குப் போயி வெள்ளையம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ மாவாட்டுற கையை நிறுத்தாம, "என்னைக் கேக்காம என் பேரை ஏலத்துல விட்டுட்டு வந்திருக்கீக. விலையாவது நல்லாப் போச்சா?"ன்னா.

கோயம்புத்தூர்க்காரரு

ஒரே கதையைத் தினம் சொல்றவங்களுக்குத் தெரியும், வாய் தானா மாறும். ஒரு நாள் புருசன் மூட்டை தூக்குறவன், ஒரு நாள் மாட்டு வண்டிக்காரன். பெரிய மனுசங்க வந்தா பட்டாளத்துக்காரன் ஆயிருவான். வெள்ளம் முதல்ல முழங்கால் அளவு இருந்துச்சு, ரெண்டாவது கோடையில தென்னைமர உசரம் வந்துருச்சு. ஆனா ஒண்ணை மட்டும் நான் மாத்தலை. புருசன் திரும்பி வந்தான். எத்தனை தடவை சொன்னாலும் அவனை நான் இறக்கிக் கொண்டாந்து பொண்டாட்டி முன்னாடி நிறுத்திருவேன்.

கோயம்புத்தூர்ல இருந்து வருசா வருசம் ஒருத்தரு வருவாரு, நூல் மில்லுல கணக்குப் பாக்குறவரு. நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு, போன வருசம் வண்டிக்காரனா இருந்தவன் இந்த வருசம் எப்படிப் பட்டாளத்துல சேந்தான்னு கேட்டாரு. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்கன்னு இழுத்தேன். அதுக்குள்ள சமையல்கட்டுல இருந்து மீன் குழம்பு வாசம் வந்துச்சு. அவரு எந்திரிச்சு வேட்டியில ஒட்டுன மணலைத் தட்டிக்கிட்டே சொன்னாரு: "பரவாயில்லீங்க, சாப்பாட்டு நேரம் வரைக்கும் கொண்டாந்துட்டீங்கல்ல, அதுதானுங்க தொழிலு."

முதல் எலுமிச்சம்பழம்

இந்த எடத்துலதான் நான் கணக்குத் தப்புனேன். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ற கதை வெளியூருக்குப் போயிரும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துல துவைச்சுக்கிட்டிருந்த பொம்பளைக காதுல விழுகும்னு தோணலை. அவங்கள்ல பாதிப்பேரு ஜீப்பு டிரைவருக, கிளீனருக பொண்டாட்டிமாரு. காலையில புருசன் மலைக்குப் போனா அந்தி வரைக்கும் அவங்களுக்கு நெஞ்சுக்குள்ள அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். போன புருசனுக்காக வெள்ளத்துல நின்னவ ஒருத்தியைப் பத்திச் சொன்னா விடுவாங்களா?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில பாறையில மஞ்சள் தடவியிருந்துச்சு. ஒரு எலுமிச்சம்பழம், ரெண்டு பூ. அடுத்த வெள்ளிக்கு ஒம்பது எலுமிச்சம்பழம். அப்புறம் ஜீப்புகாரங்க மலையேறுறதுக்கு முன்னாடி வண்டியை அங்க நிறுத்தித் தேங்காய் உடைக்க ஆரம்பிச்சாங்க. என்கூட ஓட்டிக்கிட்டிருந்த ஒரு பழைய கூட்டாளியே உடைச்சுட்டு நின்னான். ஏன்டா, இதைச் சொன்னதே நான்தான்டான்னு காதோட சொன்னேன். அவன் தேங்காய் மூடியைப் பொறுக்கிக்கிட்டே, "தெரியும் மாப்ளே. ஆனா இங்க நிறுத்தாம ஏறுனா கிளட்சுல கால் நடுங்குது, நான் என்ன செய்ய?"ன்னான்.

எல்லாருக்கும் தெரிஞ்ச அம்மா

முதலாளிக்கு முதல்ல வாயெல்லாம் பல்லு. "கூட்டம் வருதுல்ல, வரட்டும்"ன்னாரு. நானும் சேந்து சிரிச்சேன், பொய் எதுக்கு. ரெண்டாவது கோடை முடியறதுக்குள்ள தேவாரத்துல இருந்து மாட்டுவண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கொல்லையில யானை இறங்காம இருக்கணும்னு வேண்டுதலாம். யானைக்கும் இந்தக் கதைக்கும் என்னய்யா சம்பந்தம்னு எனக்குப் புரியலை. மலையில இருந்து இறங்குறதுல யானையும் சேத்திதானேன்னு அவங்க சொன்னாங்க. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு.

மலைக்கு மேல ஒரு தோட்டத்துல கங்காணியா இருந்த மலையாளத்துக்காரரு ஒருத்தரு ஒரு நாள் லாட்ஜுல தங்குனாரு. வழக்கம்போலக் கதையை ஆரம்பிச்சேன். பாதியில கையைக் காட்டி நிறுத்திட்டு, மீதியை அவரே சொன்னாரு. என் கதையில இல்லாததெல்லாம் அதுல இருந்துச்சு, ஒரு வெள்ளைக் குதிரை உள்பட. நான் இதைச் சொல்ல ஆரம்பிச்சு ஒண்ணரை வருசம்தான் ஆகுது. இவ்வளவும் உங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேட்டேன். நெஞ்சுல கை வச்சுக்கிட்டு சொன்னாரு: "ஈ அம்மையை எனிக்கு நல்லா அறியாம். எண்ட தாத்தா, முத்தச்சன், பறஞ்ஞு கேட்டதாணு."

சேட்டு குளிக்க வந்தது

ஏலக்காய் ஏலத்துக்கு வடக்க இருந்து வருசம் தவறாம வர்ற சேட்டு ஒருத்தரு எங்க லாட்ஜுக்கு நிரந்தர விருந்தாளி. இருபது வருசமா வந்து போயி போடித் தமிழை என்னைவிட நல்லாப் பேசுவாரு. முதலாளி காலண்டர்ல பாத்த மாதிரி மணல்ல மல்லாந்து படுத்தது மொத்தத்துல அவரு ஒருத்தருதான். அரை டிராயரும் கறுப்புக் கண்ணாடியுமா அவரு படுத்திருக்கிறதைப் பாக்கவே நாலு பேரு வருவாங்க.

மூணாவது கோடையில அவரு வந்து இறங்குனப்ப, கரைக்குப் போற பாதையில 'செருப்பைக் கழற்றவும்'னு பலகை. தண்ணிக்கு முன்னாடி மூங்கில் தட்டி. ஒரு அம்மா மறிச்சு, "ஆத்தா நிக்கிற எடத்துல ஆம்பளை அரை டிராயரோட இறங்கப்படாதுய்யா"ன்னுட்டாங்க. எங்க அஞ்சு குடையும் பாறைக்கு மேல நிழலுக்குப் போயிருச்சு. திருவிழாவுக்குன்னு இரவலா வாங்கிட்டுப் போனதுதான், திரும்பி வரலை. சண்டை வரும்னு நான் பயந்துக்கிட்டே நின்னேன். சேட்டு ரூமுக்குப் போயி வேட்டி சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாரு, கும்பிட்டாரு, நெத்தியில குங்குமத்தோட பெட்டியை எடுத்தாரு. கடைத்தெருப் பக்கம் வேற லாட்ஜுக்குப் போறாராம். என்ன சேட்டு இப்படிப் பண்ணிட்டீகன்னு கேட்டேன். "குளிக்கத்தான்ப்பா உங்க லாட்ஜு. ஆத்தா முன்னாடி எப்படிக் குளிக்கிறது? கும்பிடணும்னா அடுத்த தெருவுல இருந்தும் வந்து கும்பிட்டுக்கலாம்ல"ன்னாரு.

மீன் குழம்பு

சேட்டு சொன்னது அப்படியே நடந்துச்சு. கூட்டம் இருந்துச்சு, விருந்தாளி இல்லை. சாமி கும்பிட வர்றவங்க அவங்க அரிசியைக் கொண்டாந்து, அவங்க அடுப்பைக் கூட்டி, பொங்கல் வச்சுத் தின்னுட்டு, சாயங்காலம் பஸ்சு ஏறிருவாங்க. எட்டு ரூமும் பூட்டியே கிடந்துச்சு. போதாததுக்கு, ஊர்க்காரங்க சேந்து கரையில கோயில் கட்டக் கமிட்டி போட்டு, செவ்வாய், வெள்ளியில லாட்ஜுல மீனும் கறியும் ஆக்கப்படாதுன்னு சொல்லி அனுப்புனாங்க. மீன் குழம்பை நம்பித்தான் லாட்ஜே ஓடிக்கிட்டிருந்துச்சு. முதலாளி சரின்னுட்டாரு. வேத்து மதத்துக்காரன் தகராறு பண்ணுனான்னு பேரு வரக்கூடாதுன்னு கோயில் கூரை வேலைக்குக் கம்பிகூட வாங்கிக் குடுத்தாரு. அவரு அப்படி ஒரு மனுசன்.

ஒரு திங்கக்கிழமை ஏலக்காய் மூட்டை வந்து இறங்குச்சு. ஒண்ணாம் நம்பர் ரூம் கட்டிலை வெளியில தூக்கிப் போட்டாங்க. குரங்கு பிடிக்கப் போயி பிள்ளையாரா முடிஞ்ச கதையை நான் அங்கதான் பாத்தேன். எனக்கு முதலாளி மூஞ்சியைப் பாக்க முடியலை. மலைரோடு ஒவ்வொரு வளைவா கண்ணு முன்னாடி வந்து போகுது. அவரு பீச்சு போர்டைக் கழட்டி, கவுத்துப் போட்டு அது மேலயே உக்காந்துக்கிட்டுக் கேட்டாரு: "ஏம்ப்பா முருகேசு, நான் கதை சொல்லுன்னுதானே சொன்னேன், கோயில் கட்டுன்னு சொன்னேனா?"

சுவத்துல படம்

கடைசியா ஒரு வழி தோணுச்சு. கோயிலுக்கு வர்றவங்களுக்குத் தல வரலாறு சொல்ல ஒரு ஆளு வேணும்ல. என்னைவிட அதைச் சொல்ல எவன் இருக்கான்? கமிட்டித் தலைவரு தங்கவேலுவைப் பாக்கப் போனேன். நல்ல சம்சாரி, சொத்து பத்து உள்ளவரு, ஆத்துக்கு அக்கரையில தென்னந்தோப்பு. கோயில் சுவத்துல பெயிண்டர் நாலு கட்டமா படம் எழுதிக்கிட்டிருந்தான். மூணு கட்டம் நான் சொன்னதுதான். நாலாவதுல புருசனைக் காணோம். அவ மட்டும் தண்ணி நடுவுல நிக்கிறா. நான் பதறிப் போயி, புருசன் வந்துட்டானே அண்ணே, அதைப் போடலையேன்னு சொன்னேன். தங்கவேலு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "வந்துட்டா அவ ஏன்ப்பா இன்னும் நிக்கிறா? சோத்தைப் போட வீட்டுக்குல்ல போயிருப்பா. உனக்கு வரலாறே சரியாத் தெரியலையே, நீ எப்படி வரலாறு சொல்லுவ?"ன்னாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. வேலையும் போச்சு, கதையும் போச்சா? எல்லாத்தையும் போட்டு உடைச்சேன். வெள்ளையம்மாங்கிறது என் பொண்டாட்டி பேரு, அவ நின்னது முந்தல்ல, ஒரு வாத்தியாரைச் சாப்பாட்டுக்கு நிறுத்துறதுக்கு நான் கட்டிவிட்ட பொய்யி இது, வேணும்னா லாட்ஜு சமையக்காரனைக் கேளுங்கன்னேன். பெயிண்டர் பிரஷைத் தூக்குனபடியே நிக்கிறான். நாலு பொம்பளைக கூடிட்டாங்க. அடி விழும்னு நினைச்சேன். தங்கவேலு கோவப்படலை. என் தோள்ல, அந்த முறிஞ்ச தோள்லதான், கையைப் போட்டு அமைதியாச் சொன்னாரு: "ஆத்தா சொல்ல வச்சா, நீ சொன்ன. இதுல உன் பெருமை என்னப்பா இருக்கு?"

ஆத்தாகிட்ட சொல்லிட்டு

அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு. ஒரு மாசம் சும்மா இருந்தேன். கொத்து வேலை, மூட்டை வேலைன்னு போனா தோளு விடலை. எனக்குத் தெரிஞ்சது ஸ்டீரிங் ஒண்ணுதான். ஜீப்பு ஓனரு ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டாரு. சூடத்தை அணைச்சுட்டு எப்படிப் போறதுன்னு நான் வெள்ளையம்மாகிட்ட வாயைத் தொறக்கலை. ஆனா வீட்டுல அரிசிப் பானை எந்த அளவுல இருக்குன்னு என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவ தலைக்குக் குளிச்சு, எங்கேயோ போயிட்டு வந்தா. நெத்தியில குங்குமம், கையில எலுமிச்சம்பழம். எங்க போனேன்னு கேட்டேன். ஆத்தாகிட்ட போயி உங்க சத்தியத்தை இறக்கி வச்சுட்டு வந்துட்டேன்னா. எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலை. "அடியேய், ஊருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியும்ல? அது நான் சொன்ன கதைடி. அங்க நிக்கிறது யாருன்னு நினைச்ச, நீதான்டி"ன்னேன். அவ சோத்துத் தூக்கைக் கட்டிக் கையில குடுத்தா. எலுமிச்சம்பழத்தை வண்டியில கட்டச் சொன்னா. வாசல் வரைக்கும் வந்தா, அதுக்கு மேல வரலை. ஓனரு அனுப்புன ஜீப்பு சத்தம் ரோட்டுல கேட்டதும் சொன்னா: "அதெல்லாம் எனக்கும் தெரியும். அன்னைக்கு மழையில நின்னேனே, அதே மாதிரி தினம் நிக்க எனக்குத் தெம்பு இல்லை. எனக்குப் பதிலா அங்க ஒருத்தி நிக்கிறா, நீங்க போயிட்டு வாங்க."

பொய் சொல்லிப் பொழைக்கலாம்னு போனேன். மூணே வருசத்துல பொய்யி நல்லாப் பொழைச்சு ஊருக்கே சாமியாயிருச்சு, நான் தினமும் அதைக் கும்பிட்டுட்டு மலையேறிக்கிட்டு இருந்தேன்.